ஜெர்மனியா, யூகேவா, அமெரிக்காவா? எம்.எஸ். விண்ணப்பத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

பி.இ. முடித்துவிட்டு மேற்படிப்புக்கு வெளிநாடு போவதென்று வீட்டில் முடிவாகிவிட்டால், அடுத்து பேச்சு தரவரிசைக்குப் போய்விடுகிறது. எந்தப் பல்கலைக்கழகம் உலக அளவில் எத்தனையாவது இடம், சீனியர்கள் எங்கே போனார்கள், சொந்தக்காரர் மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்றே நாட்கள் ஓடும். நான் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஆகஸ்ட் பிறந்தால் பரிந்துரைக் கடிதம் கேட்டு மாணவர்கள் வரத் தொடங்குவார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: படித்து முடித்தபின் ஒரு வருடம் வேலை கிடைக்கவில்லை என்றால் லோன் தவணையை யார் கட்டுவார்கள்? அந்த நாட்டில் அதுவரை உன்னை இருக்க விடுவார்களா?

இந்த இரண்டு கேள்விக்கும் மூன்று நாடுகளும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. கனடா, ஆஸ்திரேலியா, அயர்லாந்தை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ஜெர்மனி, யூகே, அமெரிக்கா மூன்றுக்குள்தான் தடுமாறுகிறார்கள். சொந்தமாக ஒரு வீடு, மாதச் சம்பளம் வாங்கும் அப்பாவோ அம்மாவோ, ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் ஒரு சிஜிபிஏ (பத்துக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்). அப்படிப்பட்ட வீட்டை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் தவணை

கணக்கு எளிதாக இருக்க யூரோவுக்கு 100 ரூபாய், பவுண்டுக்கு 120, டாலருக்கு 90 என்று வைத்துக்கொள்வோம்.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் டியூஷன் ஃபீஸ் கிடையாது. செமஸ்டர் கட்டணம் என்று சில நூறு யூரோ மட்டும் வாங்குவார்கள். ஆனால் விசாவுக்கு முன்பே ஒரு வருடச் செலவைப் பிளாக்டு அக்கவுண்டில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ, அதாவது மாதத்துக்கு 992 யூரோ வீதம். அது உங்கள் பணம்தான், அங்கே போனபின் மாதாமாதம் உங்களுக்கே விடுவிப்பார்கள். இதோடு டிக்கெட், வீட்டு அட்வான்ஸ், விண்ணப்பச் செலவு எல்லாம் சேர்த்தால் 15 லட்சத்தில் முதல் வருடம் ஓடும். இரண்டாம் வருடத்தைப் பார்ட் டைம் வேலையில் ஓட்டுபவர்கள் நிறைய உண்டு. வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது.

யூகேயில் எம்.எஸ்ஸி. ஒரே வருடம். நடுத்தரமான ஒரு பல்கலைக்கழகத்தில் ஃபீஸ் 20,000 பவுண்டுக்கு மேல் இருக்கும், பெரிய பெயர்களில் 30,000, 35,000 என்று போகும். லண்டனுக்கு வெளியே தங்கினால்கூட வாழ்க்கைச் செலவுக்கென்று மாதம் 1,171 பவுண்ட் வீதம் ஒன்பது மாதத்துக்கு வங்கியில் காட்ட வேண்டும். லண்டன் என்றால் மாதம் 1,529. மருத்துவத்துக்கான சர்சார்ஜ், ஒரு வருடப் படிப்புக்குப் பொதுவாக 1,164 பவுண்ட், விசாவோடேயே கட்ட வேண்டியது. ஆக 40 லட்சத்துக்குக் குறைந்து முடிவது கடினம்.

அமெரிக்காவில் இரண்டு வருடம். ஸ்டேட் யூனிவர்சிட்டியாகப் பார்த்து, செலவு குறைந்த ஊராகத் தேர்ந்தாலும் ஃபீஸும் தங்குவதும் சேர்ந்து 60 லட்சத்தைத் தாண்டும். பெரிய நகரத்துத் தனியார் பல்கலைக்கழகம் என்றால் ஒரு கோடியைத் தொடலாம்.

இப்போது 15, 40, 60 லட்சம் மூன்றையும் கடனாகவே வாங்குவதாக வைத்துப் பாருங்கள். வட்டி 11 சதவீதம். படிப்புக் காலத்தோடு ஆறு மாதம் சேர்த்துத் தவணை கட்ட வேண்டாம் என்று விட்டாலும், அந்தக் காலத்துக்கான வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முழுத் தொகையும் முதல் நாளே வாங்கி, பத்து வருடத்தில் அடைப்பதாகக் கணக்கிட்டால், மாதத் தவணை ஜெர்மனிக்குச் சுமார் 26,000 ரூபாய், யூகேவுக்கு 64,000, அமெரிக்காவுக்கு 1,05,000.

இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். அங்கே வேலை அமையாமல் ஊர் திரும்பினால், சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு வேலையில் சேர்ந்து 26,000 கட்டிவிடலாம். கஷ்டப்பட்டாலும் முடியும். 64,000 கட்ட அப்பாவின் சம்பளமும் சேர வேண்டும். ஒரு லட்சத்து ஐயாயிரத்தை இந்தியச் சம்பளத்தில் கட்டுவது புதிதாக வேலைக்குச் சேர்ந்த யாராலும் ஆகாது. அடமானம் வைத்த வீடுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வேலை கிடைத்துவிட்டால் கணக்கு அப்படியே தலைகீழாகிறது. அமெரிக்கச் சம்பளத்தில் 1,200 டாலருக்குள் வரும் தவணை பெரிய சுமையே இல்லை, சிக்கனமாக இருப்பவர்கள் மூன்று நான்கு வருடத்திலேயே கடனை முடித்துவிடுகிறார்கள். அதனால் அமெரிக்கா கூடாது என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. தோற்றால் இழப்பது எவ்வளவு, அதை இந்த வீடு தாங்குமா என்று தெரிந்துகொண்டு போகச் சொல்கிறேன்.

கடன் பற்றி இன்னும் சில விஷயங்கள். பொதுத்துறை வங்கிகளில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, அங்கீகரிக்கப்பட்ட பிளான், வங்கி வக்கீலின் ஒப்புதல் என்று அது தனியாக ஒரு மாத வேலை. பாட்டி பெயரில் இருக்கும் வீடு, பாகப்பிரிவினை ஆகாத நிலம் என்றால் இன்னும் இழுக்கும். ஈடு இல்லாமல் தரும் தனியார் நிதி நிறுவனங்கள் வட்டியைக் கூட்டி வைப்பதோடு, படிக்கும்போதே மாதாமாதம் வட்டியைக் கட்டச் சொல்வதும் உண்டு. ஆஃபர் லெட்டர் வந்தபின் வங்கிக்குப் போகலாம் என்று இருக்காதீர்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. வருடத்துக்கு 36 லட்சம் ரூபாய் வரை உதவித்தொகை. தகுதி இருந்தும் கேள்விப்படாமலே கடன் வாங்கிப் போன பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. நாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதற்கான நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

ஜெர்மனி: படித்த பாடத்தை எண்ணிப் பார்ப்பார்கள்

ஃபீஸ் இல்லை என்பதாலேயே ஜெர்மனிக்குப் போக நினைப்பவர்கள் அங்கே விண்ணப்பத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நாம் உருகி உருகி எழுதும் எஸ்ஓபி (ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் கட்டுரை) அங்கே இரண்டாம் பட்சம்தான். முதலில் பார்ப்பது நீங்கள் படித்த பாடங்கள் அவர்கள் கேட்கும் பாடங்களோடு ஒத்துப் போகின்றனவா என்பதை. கணிதத்தில் இத்தனை கிரெடிட் (ஒரு பாடத்தின் அளவைக் காட்டும் புள்ளி), புரோகிராமிங்கில் இத்தனை, தியரியில் இத்தனை என்று படிப்பு வாரியாக எழுதியே வைத்திருப்பார்கள். நம் நான்கு வருட பி.இ.யை அவர்கள் அளவில் 240 கிரெடிட்டாக விரித்தால், இங்கே ஒரு கிரெடிட் அங்கே சுமார் ஒன்றரை. அதன்படி உங்கள் சிலபஸை எடுத்து வைத்துக்கொண்டு பாடம் பாடமாகக் கூட்டிப் பார்க்கலாம்.

மெக்கானிக்கல் படித்த ஒரு மாணவர் டேட்டா சயின்ஸுக்கு விண்ணப்பித்தார். சிஜிபிஏ ஒன்பதை ஒட்டி இருந்தது, ஆன்லைனில் எடுத்த சான்றிதழ்களும் நிறைய. கணினி அறிவியல் பாடங்களில் கேட்ட கிரெடிட் இல்லை என்று ஒரே வரியில் நிராகரித்துவிட்டார்கள். அதே மாணவர் கம்ப்யூட்டேஷனல் இன்ஜினியரிங் பக்கம் போட்டிருந்தால் அவருடைய கணிதமும் மெக்கானிக்ஸும் கணக்கில் வந்திருக்கும். துறை மாற நினைப்பவர்களுக்கு ஜெர்மனி கடினமான இடம். படித்த துறையிலேயே ஆழமாகப் போக விரும்புபவர்களுக்கு நல்ல இடம்.

அடுத்தது மதிப்பெண் மாற்றம். பவேரியன் ஃபார்முலா என்று சொல்வார்கள். அதிகபட்ச கிரேடிலிருந்து உங்கள் கிரேடைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி கிரேடுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். அங்கே 1.0 தான் மிக உயர்ந்தது, 4.0 வெறும் பாஸ். உங்கள் சிஜிபிஏ 8.0, தேர்ச்சிக்கான கடைசி கிரேடு பாயின்ட் 5 என்றால் விடை 2.2. அதே 8.0-க்குத் தேர்ச்சி கிரேடு பாயின்ட் 6 என்று எடுத்தால் 2.5. பல துறைகள் 2.5-ஐத்தான் எல்லைக்கோடாக வைத்திருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதியில்) கடைசி தேர்ச்சி கிரேடு பாயின்ட் 6, 2021 ரெகுலேஷனில் 5. ஆக, ஒரே சிஜிபிஏ வைத்திருக்கும் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஜெர்மன் மதிப்பெண் வேறாக வரும். கிரேடு விவரம் அச்சிட்டிருப்பது மார்க்‌ஷீட்டின் பின்பக்கத்தில் என்றால் அதையும் சேர்த்து ஸ்கேன் செய்து ஏற்றுங்கள்.

இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். டெல்லியில் இருக்கும் அலுவலகம் உங்கள் சான்றிதழ்கள் உண்மையா என்று சரிபார்த்துத் தரும், கட்டணம் 18,000 ரூபாய். இது கையில் வராமல் விசா வராது, பல பல்கலைக்கழகங்களில் விண்ணப்பமே ஏற்காது. யூனி அசிஸ்ட் என்ற பொது அமைப்பு வழியாக விண்ணப்பம் வாங்கும் பல்கலைக்கழகங்களுக்கு, ஒரு செமஸ்டரில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. நேரடியாக விண்ணப்பம் வாங்கும் பல்கலைக்கழகங்களும் நிறைய, அவற்றில் பலவற்றில் கட்டணமே இல்லை. ஏழெட்டு இடத்துக்குப் போட்டாலும் ஏபிஎஸ் சேர்த்து ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

ஃபீஸ் இல்லை என்பதற்கு விலக்குகள் உண்டு. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹ, ஹைடல்பெர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதலே செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து மாஸ்டர்ஸுக்குச் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ என்று ஆக்கிவிட்டது. மியூனிக் வாடகையையும் சேர்த்தால் ஜெர்மனியின் விலை அனுகூலம் பெரும்பாலும் போய்விடும். கெம்னிட்ஸ், மாக்டபுர்க் போன்ற கிழக்குப் பகுதி ஊர்களில் அறை வாடகை குறைவு, நம் மாணவர்களும் அங்கே நிறைய இருக்கிறார்கள். ஆனால் அந்த ஊர்களில் மாணவர்களுக்கான கம்பெனி வேலைகளும் குறைவு. ஒன்று கிடைத்தால் இன்னொன்றை விட வேண்டியிருக்கும்.

தனியார் பல்கலைக்கழகங்கள் இன்னொரு விஷயம். ஜெர்மனி என்ற பெயரைக் கேட்டதும் இலவசம் என்று நினைத்துப் போய், வருடத்துக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் ஃபீஸ் கட்டும் தனியார் கல்லூரியில் சேர்பவர்கள் இருக்கிறார்கள். ஐஇஎல்டிஎஸ் (ஆங்கிலத் தேர்வு) மதிப்பெண் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரே வாரத்தில் அட்மிஷன் என்று யாராவது சொன்னால், அது அரசுப் பல்கலைக்கழகமா என்று முதலில் கேளுங்கள்.

சரி, படித்து முடித்தபின்? வேலை தேட 18 மாதம் தங்க விடுகிறார்கள். அந்த 18 மாதத்தில் எந்த வேலையும் பார்க்கலாம். தகுதிக்கேற்ற வேலை கிடைத்து இரண்டு வருடம் ஓட்டிவிட்டால், பி1 அளவு (நடுத்தர நிலை) ஜெர்மனும் இருந்தால், நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கே வழி உண்டு. மூன்று நாடுகளில் இவ்வளவு சீக்கிரம் காலூன்றவிடும் நாடு இதுதான். இதற்குக் கொடுக்க வேண்டிய விலை மொழி. படிப்பு ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் மோட்டார் வாகனம், மெஷின் டூல், ஆட்டோமேஷன் துறைகளில் நடுத்தரக் கம்பெனிகளின் நேர்காணல் ஜெர்மனில்தான் நடக்கும். ஐந்தாம் செமஸ்டரிலேயே ஏ1 (ஆரம்ப நிலை) தொடங்கி, விமானம் ஏறும் முன் பி1 முடித்தவர்களுக்கும், அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று விட்டவர்களுக்கும் பார்ட் டைம் வேலையிலேயே வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. ஒருவருக்குத் துறை சார்ந்த வேலை, மற்றவருக்கு உணவு டெலிவரி. மொழி படிக்க மனமில்லாதவர்களுக்கு நான் ஜெர்மனியைப் பரிந்துரைப்பதில்லை.

அமெரிக்கா: உங்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்

அமெரிக்க விண்ணப்பத்தில் நான் நேரடியாகச் சம்பந்தப்படுகிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். மாணவர் நேரே கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியரின் மின்னஞ்சலுக்கு இணைப்பு வரும், அவர்தான் ஏற்ற வேண்டும். கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், பழக இனிமையானவர் என்று மாணவர்களே தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தக் கடிதத்தில் யார் பெயரையும் போடலாம், படிப்பவருக்கு எதுவும் தெரியாது. பிராஜெக்ட்டில் சென்சார் அளவீடு தாறுமாறாக வந்தபோது எல்லோரும் புது சென்சார் வாங்கலாம் என்றார்கள், இந்த மாணவி மட்டும் ஆசிலோஸ்கோப்போடு உட்கார்ந்து கிரவுண்டிங் பிரச்சினை என்று கண்டுபிடித்தாள் என்று எழுத முடிந்தால், அந்தக் கடிதத்துக்குப் பலம் உண்டு. அப்படி எழுத எனக்கு ஏதாவது நடந்திருக்க வேண்டும். மூன்றாம் வருடத்திலேயே ஒரு ஆசிரியரிடம் போய்ச் சின்னதாக ஒரு வேலை கேட்டு வாங்கிச் செய்யுங்கள். கடிதம் அங்கேதான் உருவாகிறது.

பேராசிரியர் பெயரில் ஜிமெயில் கணக்கு தொடங்கித் தாங்களே கடிதம் ஏற்றிவிடும் கன்சல்டன்சிகள் உண்டு. கண்டுபிடித்தால் அட்மிஷனை ரத்து செய்வார்கள். படித்துக்கொண்டிருக்கும்போது கண்டுபிடித்தாலும் அதே கதிதான்.

விண்ணப்பக் கட்டணம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு 50 முதல் 100 டாலருக்கு மேல் வரை. எட்டு இடத்துக்குப் போட்டு, ஜிஆர்ஈ (மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு), டோஃபல் (ஆங்கிலத் தேர்வு), மதிப்பெண் அனுப்பும் கட்டணம் எல்லாம் சேர்த்தால் ஒன்றரை லட்சம் போய்விடும். அதனால் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு எஸ்ஓபியையும் அந்தத் துறைக்கென்றே எழுதுவது நல்லது. ஜிஆர்ஈ வேண்டாம் என்று சொல்லும் துறைகள் இப்போது நிறைய. ஆனாலும் சிஜிபிஏ எட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நல்ல ஜிஆர்ஈ மதிப்பெண் உதவும், விருப்பம் என்று போட்டிருந்தாலும் எழுதச் சொல்வேன். துறை மாற நினைப்பவர்களுக்கும் மூன்று நாடுகளில் அமெரிக்காதான் அதிகம் கதவு திறக்கிறது. ஏன் மாறுகிறீர்கள் என்பதை அங்கே ஒரு மனிதர் படித்துப் பார்க்கிறார்.

ஆராய்ச்சியில் உண்மையான விருப்பம் இருப்பவர்கள் மாஸ்டர்ஸை விட்டுவிட்டு நேராக பிஎச்.டி.க்கே போடலாம். அமெரிக்காவில் பி.இ.யோடு பிஎச்.டி.க்குச் சேர முடியும். ஃபீஸ் தள்ளுபடியும் மாத உதவித்தொகையும் பெரும்பாலும் சேர்ந்தே வரும், கடனே தேவைப்படாது. போட்டி கடுமை, ஐந்தாறு வருடம் ஆகும். ஆனால் நம் பிள்ளைகள் இப்படி ஒரு வழி இருப்பதையே யோசிப்பதில்லை. ஜெர்மனியில் பிஎச்.டி.க்குப் பொதுவாக மாஸ்டர்ஸ் வேண்டும், அங்கே அது சம்பளத்தோடு கூடிய வேலை.

விசாவில் அமெரிக்காவின் நிலை இப்போது நிச்சயமில்லாதது. 2025 மே இறுதியில் மாணவர் விசா நேர்காணல் நேரம் ஒதுக்குவதையே சில வாரங்கள் நிறுத்தி வைத்தார்கள், பிறகு சமூக வலைதளக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்கச் சொன்னார்கள். சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்தச் சில நிமிடத்தில் மறுத்துவிட்டால் 185 டாலர் விசாக் கட்டணம் திரும்பாது.

படிப்பு முடிந்தபின் ஓபிடி, அதாவது மாணவர் விசாவிலேயே துறை சார்ந்த வேலை பார்க்கும் அனுமதி, 12 மாதம். பொறியியல், கணினி போன்ற ஸ்டெம் படிப்புகளுக்கு மேலும் 24 மாதம். மூன்று வருடம் என்று கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முதல் 12 மாத ஓபிடியில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலை இல்லாமல் இருக்கக்கூடாது. என் இரண்டாம் கேள்விக்கு அமெரிக்கா தரும் பதில் இது: ஒரு வருடம் வேலை கிடைக்காவிட்டால் அங்கே இருக்கவே முடியாது. அப்புறம் எச்1பி, கம்பெனி மூலம் வாங்கும் வேலை விசா. வருடத்துக்கு 65,000 இடம், அமெரிக்க மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்குத் தனியாக 20,000. கேட்பவர்கள் இதைவிட மிக அதிகம் என்பதால் குலுக்கல். 2025 செப்டம்பரில் புதிய எச்1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். அமெரிக்காவிலேயே படித்துவிட்டு மாணவர் விசாவிலிருந்து மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தது. இரண்டு வருடம் கழித்து நீங்கள் படித்து முடிக்கும்போது விதி எப்படி இருக்கும் என்று இன்றைக்கு யாரும் உறுதி தர முடியாது.

யூகே: சுலபமாகத் திறக்கும், சீக்கிரம் மூடும்

விண்ணப்பம் போடுவதில் மூன்றில் சுலபமானது யூகேதான். பல பல்கலைக்கழகங்களில் விண்ணப்பக் கட்டணம் இல்லை. ஜிஆர்ஈ இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண் நன்றாக இருந்தால் ஐஇஎல்டிஎஸ் வேண்டாம் என்பவர்களும் உண்டு. சில வாரங்களில் ஆஃபர் வந்துவிடும். பி.எஸ்ஸி., பி.சி.ஏ. போன்ற மூன்று வருடப் பட்டத்தையும் தயக்கமில்லாமல் ஏற்கிறார்கள். அமெரிக்காவில் பல இடங்களில் நான்கு வருடப் படிப்பு கேட்பார்கள், ஜெர்மனியில் இது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். கல்லூரியில் அவ்வளவாகக் கவனம் செலுத்தாமல், பிறகு வேலைக்குப் போய்த் தன்னை நிரூபித்தவர்களுக்கும் யூகே ஒரு வாய்ப்பு.

கவலை தருவது படிப்புக்குப் பிந்தைய காலம். படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேட, வேலை பார்க்க விடும் கிராஜுவேட் விசா இதுவரை இரண்டு வருடமாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். 2026 செப்டம்பரில் சேருபவர் 2027-இல்தான் முடிப்பார், எனவே அவருக்கு 18 மாதக் கணக்குதான். அதன்பின் தங்க வேண்டுமானால் கம்பெனி ஸ்பான்சர் செய்யும் ஸ்கில்டு வொர்க்கர் விசா வேண்டும். 2025 ஜூலையில் அதற்கான பொதுச் சம்பள வரம்பை 41,700 பவுண்டாக உயர்த்தினார்கள். புதிதாகப் படித்து வந்தவர்களுக்குச் சலுகையாக 33,400. லண்டனுக்கு வெளியே அனுபவமில்லாத ஒருவருக்கு இந்தச் சம்பளமும் ஸ்பான்சர்ஷிப்பும் சேர்ந்து கிடைப்பது சுலபமில்லை. படிப்பு ஒரு வருடம்தான் என்பதால் செப்டம்பரில் போய் இறங்கியதும் அக்டோபரிலேயே புதிய பட்டதாரிகளை எடுக்கும் பெரிய கம்பெனிகளின் கிராஜுவேட் திட்டங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஊர் பழகி, குளிருக்குப் பழகி, பாடம் பிடிபடுவதற்குள் அந்தக் கதவு மூடிவிடுகிறது. 2024 ஜனவரி முதல் பாடம் சார்ந்த (ஆராய்ச்சி அல்லாத) மாஸ்டர்ஸ் படிப்பவர்கள் கணவனையோ மனைவியையோ உடன் அழைத்துப் போகவும் முடியாது.

இங்கே நான்கு வருடம் வேலை பார்த்து, துறையில் பெயர் எடுத்து, ஒரு வருட இடைவெளியில் பட்டம் வாங்க நினைப்பவர்களுக்கு யூகே சரியான தேர்வு. இரண்டு வருட வேலை அனுபவம் இருந்தால் பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கும் முயலலாம், முழுச் செலவையும் ஏற்கிறார்கள், முடித்தபின் இரண்டு வருடம் நாடு திரும்ப வேண்டும். கல்லூரியை விட்டு நேராக, முழுக்கக் கடனில், நடுத்தரமான ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நம் ஊரில் அதிகம் விற்கப்படுவதும் அதுவே.

காரணம் எளிது. யூகே பல்கலைக்கழகங்கள் மாணவரைச் சேர்த்துவிடும் ஏஜென்ட்களுக்குக் கமிஷன் தருகின்றன. ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் தருவதில்லை. ‘எங்கள் சேவை முற்றிலும் இலவசம்’ என்று சொல்லும் கன்சல்டன்சிக்கு ஜெர்மனியைப் பற்றிப் பேச வருமானக் காரணம் எதுவும் இல்லை. நேர்மையாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் உட்கார்ந்ததும் கேட்டுவிடுங்கள்: இந்தப் பல்கலைக்கழகத்திடமிருந்து உங்களுக்குக் கமிஷன் வருமா? கமிஷன் வராத இடம் ஒன்றையும் எனக்குச் சொல்ல முடியுமா? பணம் வாங்கிக்கொண்டு ஜெர்மனிக்கு விண்ணப்பிக்க உதவுபவரிடமும், எந்தெந்த இடங்கள் அரசுப் பல்கலைக்கழகம் என்று எழுதி வாங்குங்கள். விண்ணப்பத்துக்கான மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். வந்த ஆஃபரை மாணவருக்குக் காட்டாமல் வைத்திருந்த கதைகள் உண்டு.

இரண்டு நாட்டுக்குப் போடலாமா?

போடலாம். ஜெர்மனியும் அமெரிக்காவும் காலத்தில் ஒன்றோடொன்று மோதாது. அமெரிக்காவுக்குக் கடைசி தேதிகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில். முடிவுகள் மார்ச், ஏப்ரலில் வரும். உதவித்தொகையோடு வந்த இடத்துக்கு ஏப்ரல் 15 வரை யோசிக்கப் பொதுவாக நேரம் தருகிறார்கள். ஜெர்மனியின் குளிர்கால செமஸ்டருக்கு மார்ச் முதல் மே வரை பல இடங்கள், சில இடங்கள் ஜூலை 15 வரை. ஆக, அமெரிக்க முடிவு கையில் இருக்கும்போதே ஜெர்மனிக்கான விண்ணப்பங்களில் பெரும்பகுதியை அனுப்பலாம். டிரான்ஸ்கிரிப்ட், பாஸ்போர்ட், ஐஇஎல்டிஎஸ் இரண்டுக்கும் பொது. ஏபிஎஸ்ஸை மட்டும் அக்டோபர், நவம்பரிலேயே தொடங்கிவிடுங்கள், பிப்ரவரியில் அவசரப்பட்டுப் பயனில்லை. ஜெர்மன் விசாவுக்கும் நேரம் வேண்டும். மறுத்தால் அதே அலுவலகத்தில் மேல்முறையீடு செய்யும் வசதியை 2025 ஜூலையோடு எடுத்துவிட்டார்கள், புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் அல்லது பெர்லின் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதனால் கோப்பு முதல் தடவையே முழுமையாக இருக்கட்டும்.

என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்லும் பிரிப்பு இதுதான். சொந்தத் துறையிலேயே போகிறீர்கள், மொழி கற்கத் தயார், வீட்டை அடமானம் வைக்க விருப்பமில்லை என்றால் ஜெர்மனிக்கு ஆறு ஏழு இடம், அதில் இரண்டு சின்ன ஊர்கள். கையில் நல்ல பிராஜெக்ட், மனதாரக் கடிதம் எழுத இரண்டு ஆசிரியர்கள், கடன் போக மீதித் தொகையைத் தாங்கும் குடும்பம் என்றால் அமெரிக்காவுக்கு ஐந்து, ஜெர்மனிக்கு நான்கு. வேலை அனுபவம் இருந்தால் யூகேவில் உங்கள் துறைக்குப் பெயர் பெற்ற மூன்று நான்கு இடம் மட்டும். அங்கே ஆஃபர் விரைவில் வரும், டெபாசிட் கட்டச் சொல்லி ஏஜென்ட் தினமும் போன் செய்வார். ஆயிரக்கணக்கான பவுண்ட் அது. விசா மறுத்தால் திரும்பத் தருவார்களா, மனம் மாறினால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதெல்லாம் ஆஃபர் லெட்டரோடு வரும் நிபந்தனைகளில் இருக்கும். அந்தப் பக்கத்தை நீங்களே படித்து, புரியாத வரியைப் பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்டு, பதில் எழுத்தில் வந்தபின் கட்டுங்கள்.